மூடிப்போன டிரை கிளீனிங் கடையின் பழைய பாலிசி, இன்றைய மண் சுத்தத்துக்குப் பணம் தருமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். கலிஃபோர்னியாவில் சாலையோரக் கடை வளாகம் ஒன்றை 2009இல் உங்கள் குடும்பக் கம்பெனி (எல்எல்சி) பேரில் வாங்கினீர்கள். 1961 முதல் 1984 வரை அதில் ஒரு டிரை கிளீனிங் கடை ஓடியிருக்கிறது. இப்போது கடனைப் புதுப்பிக்கப் போனபோது பேங்க் மண் பரிசோதனை கேட்டது, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் டிரை கிளீனிங்குக்குப் பயன்படுத்தும் பெர்க் என்ற ரசாயனம் இருப்பது தெரிந்தது, நீர் மாசைக் கண்காணிக்கும் அரசின் வட்டார நீர் வாரியத்திடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. கடை நடத்தியவர் இறந்துவிட்டார், அவருடைய கம்பெனி எப்போதோ கலைக்கப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துப் பாலிசியைத் தேடிப் பிடித்தால் பணம் வரும் என்று யாரோ சொல்ல, இது நடக்கிற காரியமா என்று கேட்கிறீர்கள்.

நடக்கிற காரியம்தான். கம்பெனி செத்தாலும் அது வாங்கிய பாலிசி சாவதில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தவறினால் இருக்கிற பணமும் கைக்கு வராது. சுத்தம் செய்யும் கான்ட்ராக்டருக்குப் பெரிய செக் எதையும் எழுதுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் மறுத்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் வியாபாரங்கள் வாங்கும் பொதுப் பொறுப்பு பாலிசியை, சிஜிஎல் என்பார்கள், 1966இல் 'ஆக்கரன்ஸ்', அதாவது நிகழ்வு, என்ற அடிப்படைக்கு மாற்றி எழுதினார்கள். அதற்கு முன்பு 'ஆக்சிடென்ட்' என்று இருந்தது. மாற்றத்துக்குப் பிறகு, எதிர்பாராமல் நடந்த சேதம் மெதுவாக, வருடக்கணக்கில் நடந்ததாக இருந்தாலும் பாலிசிக்குள் வந்தது. மாசு பற்றிய விலக்கு எதுவும் அப்போது இல்லை. 1970இல்தான் 'திடீரென்றும் தற்செயலாகவும்' நடந்த கசிவைத் தவிர மற்ற மாசுக்குப் பணம் இல்லை என்று தனி இணைப்பு ஒட்ட ஆரம்பித்தார்கள், 1973இல் அது அச்சடித்த படிவத்துக்குள்ளேயே போய்விட்டது. நடுவில், ரசாயனக் கழிவு புதைத்த இடத்தில் குடியிருப்பு எழுந்த லவ் கனால் விவகாரம் வெடித்து, 1980இல் செர்க்லா என்ற சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து, அழுக்கான நிலத்தின் இன்றைய உரிமையாளர், அழுக்கு விழுந்த காலத்து உரிமையாளர், அதை நடத்தியவர் என்று எல்லோர் தலையிலும் பொறுப்பைச் சுமத்தியது. பயந்துபோன இன்சூரன்ஸ் கம்பெனிகள் 1985, 86 வாக்கில் மாசு என்றாலே எதுவும் கிடையாது என்ற முழு விலக்கைக் கொண்டுவந்தன. உங்களுடைய 2009 பாலிசியில் இருப்பது அந்த முழு விலக்கு. அதோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைக்காரரின் பாலிசி வேறு காலத்தைச் சேர்ந்தது. ஆக்கரன்ஸ் பாலிசியில் பார்க்க வேண்டியது கோரிக்கை எப்போது வந்தது என்பதையல்ல, சேதம் எப்போது நடந்தது என்பதை. 1967இல் மெஷினிலிருந்து வழிந்த பெர்க் தரையின் விரிசல் வழியாக இறங்கி, தண்ணீரைவிடக் கனம் என்பதால் நிலத்தடி நீரையும் துளைத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கியிருந்தால், சேதம் 1967இலேயே தொடங்கிவிட்டது. அந்த வருடத்துப் பாலிசி அதற்கு இன்றைக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடையின் வருடங்களில் தங்கமான பகுதி 1961 முதல் 1970, 73 வரைக்கும். அதற்குப் பிந்தைய பாலிசிகளையும் ஒதுக்க வேண்டாம், அவற்றுக்கு வருகிறேன்.

இதில் பலரும் குழம்பும் ஒரு இடம் உண்டு. அந்தப் பாலிசிகள் உங்களுடையவை அல்ல. இடத்தை வாங்கியதால் முந்தைய ஆளின் பாலிசி உங்களுக்கு வந்துவிடாது. (இடத்தை வைத்திருந்த கம்பெனியின் பங்குகளையே நீங்கள் வாங்கியிருந்தால் கதை வேறு, பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.) நீங்கள் கடைக்காரரின் கம்பெனி மேல் உரிமை கோர வேண்டும், அந்தக் கம்பெனிக்காக அதன் பழைய இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்க வேண்டும். கடைக்காரர் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் கட்டடத்தை வைத்திருந்து அவருக்கு வாடகைக்கு விட்டவரும் செர்க்லாவின் கீழ் பொறுப்பாளிதான், அவரிடமும் பாலிசிகள் இருந்திருக்கும். ஆக இரண்டு குடும்பங்களின் பாலிசிகளைத் தேடுகிறீர்கள்.

கலைந்துபோன கம்பெனி மேல் எப்படி வழக்குப் போடுவது என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் முடியும். கம்பெனியின் பிரித்துக் கொடுக்கப்படாத சொத்து அளவுக்கு, இன்சூரன்ஸும் அதில் சேர்த்தி, கலைந்த கம்பெனியின் மேல் வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. தீர்ப்பு வாங்கியபின் அது கட்டப்படாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் மேலேயே நேரடியாகப் போகவும் இன்சூரன்ஸ் சட்டத்தின் 11580ஆம் பிரிவு வழி விடுகிறது. கடைக்காரர் கம்பெனி இல்லாமல் சொந்தப் பேரில் நடத்திய வருடங்கள் இருந்தால், இறந்தவரின் இன்சூரன்ஸ் அளவுக்கு வழக்குப் போட, இறந்தவர் சொத்து பற்றிய புரோபேட் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதற்கான காலக்கெடு கடுமையானது. வக்கீலைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. மாசு தெரியவந்ததிலிருந்து 3 வருடக் கெடு ஓடும் மாநிலச் சட்டக் கோரிக்கைகளும் உண்டு, அதனால் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன், பணத்தைத் தொலைப்பவர்கள் இங்கேதான் தொலைக்கிறார்கள். அரசுக் கடிதம் வந்ததும் நல்லெண்ணத்தோடு பழைய கடைக்காரரின் வாரிசுகளைக் கூப்பிட்டுப் பேசி, அவர்களும் பயந்து அரசோடு ஒத்துழைத்து, கைக்காசு போட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினால், இங்கே வழக்கே இல்லையே, எங்களைக் கேட்காமல் நீங்களாகச் செலவழித்ததற்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று பதில் வரும். கலிஃபோர்னியாவில் அந்தப் பதில் பெரும்பாலும் செல்லும். 1998இல் ஃபாஸ்டர் கார்ட்னர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், பாலிசியில் 'சூட்' என்று எழுதியிருந்தால் அது கோர்ட்டில் போடும் வழக்குதான், அரசுத் துறை அனுப்பும் உத்தரவு வழக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. 2001இல் பவரின் வழக்கில் இன்னொரு படி போய், 'டேமேஜஸ்' என்றால் கோர்ட் கட்டளையிடும் பணம்தான், துறை உத்தரவுப்படி செய்த செலவு அதில் வராது என்றது. எனக்கு இந்த இரண்டு தீர்ப்பிலும் உடன்பாடே இல்லை. அரசோடு ஒத்துழைப்பவனைத் தண்டித்து, கோர்ட்டுக்குப் போகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற ஏற்பாடு இது. வேறு பல மாநிலங்களில் அரசுக் கடிதமே போதும். ஆனால் உங்கள் இடம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது, அங்கே உள்ள சட்டப்படிதான் நடக்க முடியும்.

அதனால் நீங்கள் போடும் வழக்குதான் சாவி. வாரிசுகள் உங்களுக்கு வேண்டியவர்களாக இருந்தாலும், முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும், வழக்குப் போடுவதுதான் அவர்களுக்கும் நீங்கள் செய்யக்கூடிய நல்லது. நீங்கள் வழக்குப் போட்டால்தான் பழைய கம்பெனிக்கு அதன் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைத்துக் கொடுக்கக் கடமைப்படும். அவர்களிடம் நேரில் போய் இதை விளக்கிச் சொல்லுங்கள், உங்கள் வீட்டை எடுக்க வரவில்லை, உங்கள் அப்பா பிரீமியம் கட்டிய பாலிசியை எழுப்பத்தான் இந்த வழக்கு என்று. புரிந்துகொண்டால் அவர்களே பரணில் ஏறிப் பெட்டிகளை இறக்கித் தருவார்கள். புரியவைக்காமல் நோட்டீஸ் மட்டும் போனால் அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

வக்கீல் வைத்துக் கொடுக்கும் கடமையை, டிஃபென்ஸ் என்பார்கள், சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பல இடங்களில் பாலிசித் தொகையைவிட இதுவே பெரிய பணம். பழைய அடிப்படைப் பாலிசிகளில் சொத்துச் சேதத்துக்கான உச்சவரம்பு 50,000 அல்லது 100,000 டாலர் என்று சிறியதாக இருக்கும், ஆனால் வழக்கு நடத்தும் செலவு பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியே. 1997இல் ஏரோஜெட் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், மாசை ஆராயும் செலவும், வழக்கை எதிர்கொள்ள நியாயமாகவும் அவசியமாகவும் தேவைப்பட்டதாக இருந்தால், டிஃபென்ஸ் செலவில் சேரலாம் என்றது. ஆழ்துளை போட்டு மண் எடுப்பது, கண்காணிப்புக் கிணறு, கட்டடத்துக்குள் காற்று மாதிரி எடுப்பது எல்லாம் இதில் வரக்கூடியவை. இன்சூரன்ஸ் இல்லாத வருடங்களுக்கான பங்கைப் பாலிசி வாங்கிய கம்பெனியே ஏற்க வேண்டும் என்ற வாதத்தையும் அதே தீர்ப்பு டிஃபென்ஸ் செலவைப் பொறுத்தவரை தள்ளிவிட்டது. ஒரே ஒரு வருடப் பாலிசி கிடைத்தால்கூட வேலை நகரும் என்பதற்கு இதுதான் காரணம்.

இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா உங்களுக்குச் சாதகமான மாநிலம். கோர்ட் கட்டளையிடும் சூப்பர்ஃபண்ட் சுத்தச் செலவும் பாலிசியில் சொல்லும் 'டேமேஜஸ்'தான் என்று 1990இலேயே ஏஐயூ வழக்கில் முடிவாகிவிட்டது. டாரன்ஸில் 1947 முதல் 1982 வரை டிடிடி தயாரித்த மாண்ட்ரோஸ் கம்பெனியின் வழக்கில் 1995இல் வந்த தீர்ப்பு, தொடர்ந்து நடக்கும் சேதம் எந்தெந்த வருடங்களைத் தொடுகிறதோ அந்த வருடங்களின் பாலிசிகள் எல்லாமே விழித்துக்கொள்ளும் என்றது. அப்புறம் ஸ்ட்ரிங்ஃபெல்லோ. ரிவர்சைடு கவுன்ட்டியில் ஒரு கல்குவாரியில் 1956 முதல் 1972 வரை 3 கோடி கேலனுக்கு மேல் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள், இடத்தைத் தேர்ந்தெடுத்ததே மாநில அரசு, கடைசியில் சுத்தம் செய்யும் பொறுப்பும் அரசின் தலையிலேயே விழுந்தது, செலவு 700 மில்லியன் டாலர் வரை போகலாம் என்ற நிலை. அரசு தன் பழைய பாலிசிகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. 2012 தீர்ப்பு இரண்டு விஷயம் சொன்னது: விழித்த ஒவ்வொரு பாலிசியும் தன் வரம்பு வரை மொத்தச் சேதத்துக்கும் பொறுப்பு, ஒரு வருட வரம்பு போதாவிட்டால் அடுத்தடுத்த வருடங்களின் வரம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், பாலிசியில் அடுக்கக்கூடாது என்று எழுதியிராத வரை. வருடத்துக்கு 100,000 வீதம் பத்து வருடப் பாலிசி கிடைத்தால் ஒரு மில்லியன் என்று கணக்குப் போட முடிவது இதனால்தான். நியூயார்க், நியூ ஜெர்சியில் எல்லாம் பெரும்பாலும் வருடவாரியாகப் பங்கு பிரிப்பார்கள், இன்சூரன்ஸ் இல்லாத வருடங்களின் பங்கு உங்கள் தலையில் விழக்கூடும்.

1973 முதல் 1984 வரையிலான பாலிசிகளில் அந்தத் 'திடீர், தற்செயல்' வாசகம் நிற்கும். இதில் மாநிலத்துக்கு மாநிலம் நியாயம் மாறுகிறது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1993இல் மார்ட்டன் வழக்கில் 1970இல் என்ன நடந்தது என்று தோண்டிப் பார்த்தது. இந்த விலக்கை அனுமதியுங்கள் என்று மாநிலக் கட்டுப்பாட்டாளர்களிடம் போனபோது இன்சூரன்ஸ் துறை, இது ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பைத் தெளிவுபடுத்துவதுதான், குறைப்பதல்ல என்று சொல்லி வாங்கியிருக்கிறது. அப்படிச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு இன்று மாற்றிப் பேச முடியாது என்று நீதிமன்றம் தடுத்தது. இந்தியானா இன்னும் மேலே போனது, 1996இல் ஒரு பெட்ரோல் பங்க் சம்பந்தப்பட்ட கைகர் வழக்கில், முழு விலக்கின் வாசகமே தெளிவில்லாதது, அதனால் பாலிசி வைத்திருப்பவருக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்றது. அங்கே 1986க்குப் பிந்தைய பாலிசிகூடப் பயன்படலாம். கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை, 'திடீர்' என்றால் சட்டென்று நடந்திருக்க வேண்டும் என்று 1993 முதல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டியதற்கு அந்த வருடங்களில் பணம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு நாள் ஹோஸ் பிய்த்துக்கொண்டு ஒரு டிரம் பெர்க்கும் தரையில் ஓடியது, மெஷின் பொங்கி வழிந்தது என்ற மாதிரி ஒரு நிகழ்வு இருந்தால் கதவு திறக்கும். ஸ்ட்ரிங்ஃபெல்லோ விஷயத்திலேயே, பெருமழையில் கழிவுக் குளங்கள் நிரம்பி வழிந்தது திடீர் நிகழ்வாக இருக்கலாம் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடையில் வேலை பார்த்த வயதானவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்கள் நினைவு உங்களுக்கு மிக முக்கியம், சீக்கிரம் போய்ப் பேசுங்கள், எழுதி வாங்குங்கள்.

சரி, பாலிசி எங்கே கிடைக்கும்? இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி என்று பேர், தொல்லியல் மாதிரிதான் வேலை. கடைக்காரர் கம்பெனி நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், பிரீமியம் கட்டிய செக் அடிக்கட்டை, ஆடிட்டர் வைத்திருந்த பேரேடு, கடன் கொடுத்த பேங்க் அல்லது அரசின் சிறுதொழில் கடன் அலுவலகக் கோப்பு, பழைய ஏஜென்ட்டின் அலுவலகம் அல்லது அதை வாங்கிக்கொண்ட புரோக்கர், இதெல்லாம் வழக்கமான இடங்கள். நான் எப்போதும் முதலில் பார்க்கச் சொல்வது வாடகை ஒப்பந்தக் கோப்பு. குத்தகைக்கு எடுத்தவர் இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும், சான்றிதழைக் கட்டட உரிமையாளரிடம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம், அந்த ஒரு பக்கச் சான்றிதழில் கம்பெனி பேர், பாலிசி எண், தேதி, வரம்பு நாலும் இருக்கும். நீங்கள் இடம் வாங்கியபோது விற்றவர் கொடுத்த பெட்டியிலேயே அது கிடக்கலாம். இன்னொன்று, கடையில் யாராவது வழுக்கி விழுந்து 1970களில் வழக்குப் போட்டிருந்தால் கோர்ட் ஆவணத்தில் எந்த இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைத்தது என்று தெரிந்துவிடும்.

முழுப் பாலிசியும் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். 2002இல் டார்ட் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பாலிசி தொலைந்துபோனால் அதன் வார்த்தைக்கு வார்த்தை தேவையில்லை, முக்கியமான விதிகளின் சாரத்தை வேறு சாட்சியங்களால் நிரூபித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் பாலிசி 1940களைச் சேர்ந்தது. அந்தக் காலத்து சிஜிஎல் பெரும்பாலும் தொழில்துறை பொதுவாக அச்சடித்த படிவம் என்பதால், கம்பெனியும் வருடமும் தெரிந்தாலே உள்ளே என்ன எழுதியிருக்கும் என்பதை ஒரு நிபுணர் சொல்லிவிடுவார்.

கம்பெனி பேர் பழசாக இருந்தால் இன்று யார் என்று பார்க்க வேண்டும். ஏட்னா கேஷுவல்ட்டி 1996இல் டிராவலர்ஸிடம் போனது, ஐஎன்ஏயின் பழைய பொறுப்புகள் சிக்னா வழியாகக் கைமாறி இன்று சப் குழுமத்திடம் இருக்கின்றன, லண்டன் லாய்ட்ஸின் 1992 வரையிலான பொறுப்புகளுக்கு எக்விட்டாஸ் என்ற தனி அமைப்பு. ரிலையன்ஸ், ஹோம் இன்சூரன்ஸ் மாதிரி திவாலானவை பேர் வந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் அனுப்பியதும் முதல் பதில் 'எங்கள் பதிவில் இப்படியொரு பாலிசி இல்லை' என்றுதான் வரும். அது தேடிப் பார்த்துச் சொன்ன பதிலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கிடைத்த துண்டுச் சீட்டு ஒவ்வொன்றையும் இணைத்து மறுபடி எழுதுங்கள். கலிஃபோர்னியா விதிகளின்படி கோரிக்கை கிடைத்ததை 15 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆதாரம் கிடைத்து 40 நாளில் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும், அவகாசம் வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தேதிகளைக் குறித்து வையுங்கள்.

இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெர்க் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2012இல் வகைப்படுத்தியது, 2024 டிசம்பரில் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்து டிரை கிளீனிங்குக்குப் பத்து வருடத்தில் முடித்துக்கொள்ள அவகாசம் கொடுத்தது. அது மண்ணிலிருந்து ஆவியாகித் தரை வழியாகக் கட்டடத்துக்குள் ஏறும். உங்கள் வளாகத்தில் இன்று வேலை பார்ப்பவர்களும் பின்னால் குடியிருப்பவர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அதனால் வழக்கு, பாலிசி என்று காத்திருக்கும்போதே கட்டடத்துக்குள் காற்றுப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அளவு அதிகமென்றால் தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள், அதற்கு ஆகும் செலவு நீரைச் சுத்தம் செய்வதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்தச் செலவுகளைப் பிறகு செர்க்லாவின் கீழ் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் தேசிய அவசரகாலத் திட்டம் (National Contingency Plan) என்ற கூட்டரசு விதிமுறைக்கு ஒத்துப்போகிற முறையில் செய்திருக்க வேண்டும், கன்சல்டன்ட்டிடம் இதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வழக்கு நகர ஆரம்பித்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி வாரிசுகளிடம் தனியாகப் போய், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பாலிசியை எங்களுக்கே திருப்பி விற்றுவிடுங்கள் என்று கேட்கலாம், பை-பேக் என்பார்கள். உங்களைச் சேர்க்காமல் அது முடிந்தால், மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டிய பணம் வேறு இடத்துக்குப் போய்விடும், அதை மீட்க நீங்கள் மறுபடியும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆகவே வாரிசுகளின் வக்கீலோடு ஆரம்பத்திலேயே எழுத்தில் ஒரு புரிதல் செய்துகொள்ளுங்கள்: பாலிசி சம்பந்தமான எந்தச் சமரசமும் மூன்று தரப்பும் உட்கார்ந்துதான், வரும் பணம் யார் பையிலும் போகாமல் இந்த இடத்துச் சுத்தத்துக்கென்று தனிக் கணக்கில்தான். அந்தப் பேச்சுக்குப் போகும்போது நீர் வாரியம் ஏற்றுக்கொண்ட சுத்தத் திட்டமும் அதன் செலவு மதிப்பீடும் உங்கள் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் போனால் தொகையை அவர்கள்தான் சொல்வார்கள். வாங்கியபோது இடத்தின் மாசு வரலாற்றை ஆராய்ந்து எடுத்த ஃபேஸ் ஒன் அறிக்கை இருந்தால் அதையும் தேடி வையுங்கள். 2002 திருத்தத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களுக்குக் கூட்டரசுச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்பது அந்த அறிக்கையையும், வாங்கிய பிறகு இடத்தை நீங்கள் எவ்வளவு பொறுப்பாக வைத்திருந்தீர்கள் என்பதையும் பொறுத்தது. நீர் வாரியத்தின் உத்தரவை அது தடுக்காது, ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று பங்கு பிரிக்கும்போது உங்கள் பங்கைக் குறைக்கும்.